கீழ்வீட்டுக்கு பிளான் போடும்போது எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விகள்

நாங்க மதுரைக்கு வெளியில வீடு கட்டி எட்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் என் தம்பி கட்டினான், கொழுந்தனார் ரெண்டு பேர் கட்டினாங்க, இப்ப நாத்தனார் வீட்டுல மனை வாங்கி பிளான் போட்டுட்டு இருக்காங்க. எல்லாரும் போன் போட்டு ஒரே கேள்வியத்தான் திருப்பி திருப்பி கேக்குறாங்க, அதான் எழுதியே வச்சிட்டேன். நான் இன்ஜினியர் இல்ல. ஒரு வீட்ட கட்டி, அதுல கொஞ்சத்த இடிச்சு, மறுபடி கட்டின அனுபவம் மட்டும்தான்.

எங்க மனை அகலம் 30 அடி, நீளம் 50 அடி, 1500 சதுர அடி, சென்ட் கணக்குல மூணரைக்கு கொஞ்சம் கம்மி (ஒரு சென்ட்டுனா 435.6 சதுர அடி). ரோடு வடக்குப் பக்கம். கீழ ஒரு பெட்ரூம், மேல ரெண்டு. இனிமே சொல்றதெல்லாம் இத வச்சுத்தான்.

முதல்ல எத முடிவு பண்ணணும், ஹாலா, கிச்சனா, வாசலா?

மூணும் இல்லங்க. கீழ யாரு படுக்கப் போறா, அத முடிவு பண்ணுங்க. எல்லாரும் கார் எங்க நிக்கும், டிவி எந்த செவத்துல வரும்னு ஆரம்பிக்கிறாங்க, வீட்டுல 70 வயசு அம்மா இருக்காங்கங்கறது கடைசியில ஞாபகம் வந்து, மிச்சம் இருக்குற மூலையில ஒரு ரூமு, அதுல கட்டில் போட்டா கதவு முழுசா தொறக்காது. கீழ்வீட்டுல ஒரு பெட்ரூம், அதுக்கு நாலு எட்டுல ஒரு பாத்ரூம், இத முதல்ல வச்சிடுங்க, மத்ததெல்லாம் அத சுத்தி வரட்டும். இன்னைக்கு வயசானவங்க இல்லாட்டியும் சரி, கால்ல மாவுக்கட்டு போட்டா 30 வயசுக்காரனுக்கும் அந்த ரூம்தான்.

பாத்ரூம் எவ்ளோ பெருசு வேணும்? 4க்கு 6 போதும்னு மேஸ்திரி சொல்றாரே.

எங்ககிட்டயும் அதேதான் சொன்னாங்க. குளிக்கிறதுக்கு போதும். ஆனா நான் இடிச்சேன்னு சொன்னேனே, அது இந்த பாத்ரூம்தான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

வீடு கட்டி மூணாவது வருஷம் எங்க அத்தை, அதாவது மாமியார், வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஒடஞ்சிருச்சு. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு கூட்டிட்டு வந்தோம், வீல்சேர்ல உக்கார வச்சு பாத்ரூம் வாசல் வரைக்கும் தள்ளிட்டுப் போனா, உள்ள போகல. ரெண்டு பக்கமும் நிலையில இடிக்குது. என் வீட்டுக்காரர் டேப் எடுத்துட்டு வந்து அளந்தாரு. பிளான்ல கதவு ரெண்டரை அடின்னுதான் போட்டிருந்தது, ஆனா அது நிலையோட வெளி அளவு, ரெண்டு பக்க நிலைக்கட்டையும் மூணு மூணு இன்ச் தின்னுடுச்சு, மிச்சம் 24 இன்ச். வீல்சேர் 26. ரெண்டே இன்ச்சு. அத்தை ஒண்ணும் சொல்லல, என்னைய கட்டிலுக்கே கூட்டிட்டுப் போயிரும்மான்னாங்க. ஒரு மாசம் அவங்களுக்கு பெட் பேன்தான். அதுக்கப்புறம் செவத்த ஒடச்சு மூணு அடி நிலை வச்சோம், பாதி டைல்ஸ் போச்சு, அதே டிசைன் கடையில கெடைக்கல, இன்னைக்கும் அந்த செவுரு வேற கலர்லதான் இருக்கு.

அதனால கீழ இருக்குற பாத்ரூம் கதவு வெளி அளவு 3 அடி. உள்ள 5க்கு ஆறரை இருந்தா ஒருத்தர் கூட நின்னு தாங்கிப் பிடிச்சு குளிக்க வைக்கலாம். கதவு உள்பக்கமா தொறக்காம வெளிய தொறக்கட்டும், உள்ள யாராவது விழுந்து கெடந்தா உள்பக்கம் தொறக்குற கதவ தள்ளவே முடியாது. மேற்கத்திய டாய்லெட்டுக்கு பக்கத்துல கைப்பிடிக் கம்பி அடிக்கிற எடத்துல முழு செங்கல் செவுரா இருந்தா நல்லது, பின்னாடி எப்ப வேணா அடிச்சுக்கலாம். தரை மட்டம் ஹால விட ஒரு இன்ச் எறங்கினா போதும். நாலு இன்ச் எறக்கி வாசப்படி கட்டுறது பழைய பழக்கம், சரிவு ஒழுங்கா குடுத்தா தண்ணி வெளிய வராது.

பாத்ரூம் ரூமுக்குள்ளயா, பொதுவா வெளியயா?

ரெண்டு பாத்ரூம் கட்ட எடம் இருந்தா ரெண்டும் கட்டுங்க. எடம் இல்லாட்டி எங்க வீட்டுல பண்ணினது இது: ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவுல 3 அடி அகலத்துல ஒரு சின்ன நடை, பாத்ரூம் கதவு அந்த நடையில, பெட்ரூம் கதவும் அங்கயே. வந்தவங்களும் போகலாம், ராத்திரி அத்தையும் லைட் போடாமயே போயிடுவாங்க. ஒரே பாத்ரூமுக்கு ரெண்டு பக்கம் கதவு வைக்கிற ஐடியா மட்டும் வேண்டாம், ஒரு பக்கம் தாப்பா போட்டு மறந்துட்டு போயிடுவாங்க, அந்தப் பக்கம் இருக்குறவங்க நின்னு கத்திட்டு இருக்கணும்.

மனையடி சாஸ்திரம் பாக்கணுமா? அளவே வர மாட்டேங்குதே.

பாக்குறதும் பாக்காததும் உங்க வீட்டு விஷயம். எங்க மாமனார் பாத்தாரு. உள் அளவு 8, 10, 11, 16 எல்லாம் நல்லது, 12ல இருந்து 15 வரைக்கும் ஆகாதுங்கறது அவரு கணக்கு, ஊருல பெரும்பாலும் அப்படித்தான் சொல்றாங்க. அதனாலதான் நம்ம பக்கம் பாதி வீட்டுல ரூமு பத்துக்கு பதினொண்ணுதான், கவனிச்சுப் பாருங்க.

எங்களுக்கு சுத்தி விட வேண்டிய எடத்த விட்டது போக அகலத்துல 23 அடி சொச்சம் கெடச்சுது. வெளிச் செவுரு ரெண்டும் ஒம்போது ஒம்போது இன்ச், ஒண்ணரை அடி போச்சு. நடுச் செவுரு நாலரை இன்ச். மிச்சம் 21 அடி சொச்சம், சரியா கெழக்குல 11, மேற்குல 10. கெழக்குப் பக்கம் முன்னாடி ஹால் 11க்கு 16, அடுத்து டைனிங் 11க்கு 8, அடுத்து கிச்சன் 11க்கு 10, கடைசியில 4 அடிக்கு வாஷ் ஏரியா. மேற்குப் பக்கம் போர்டிகோ, மாடிப்படி, பாத்ரூம், பின்னாடி பெட்ரூம்.

இதுல ஒண்ணு கவனிக்கணும். பூச்சு வேலை ரெண்டு பக்கமும் அரை அரை இன்ச் எடுத்துக்கும். செங்கல்லுக்கு செங்கல் 11 அடி வச்சு கட்டினா பூசி முடிச்சப்புறம் டேப் பிடிச்சா 10 அடி 11 இன்ச்தான் வரும், அப்ப வீட்டுல பெரியவர் மொகத்தப் பாக்கணும். 11 அடி ஒரு இன்ச்சா கட்டச் சொல்லுங்க.

வாஸ்துப்படி எது எங்க?

கிச்சன் அக்னி மூலை, தென்கிழக்கு. பெரியவங்க பெட்ரூம் கன்னி மூலை, தென்மேற்கு. சம்ப் (தரைக்கு கீழ கட்டுற தண்ணித் தொட்டி), போர் எல்லாம் ஈசானியத்துல, வடகிழக்குல. செப்டிக் டேங்க் வாயு மூலை, வடமேற்கு. வடக்குப் பாத்த மனைன்னா இதெல்லாம் தன்னால வந்து உக்காரும். தெற்குப் பாத்த மனையில கன்னி மூலையும் அக்னி மூலையும் ரோட்டுப் பக்கம் வந்துடும், அப்ப ஹால எங்க வைக்கிறதுன்னு சண்டை வரும், என் தம்பிக்கு அது வந்து நாலு பிளான் மாத்தினான்.

என் கருத்து என்னன்னா, மதுரை மாதிரி ஊருல மேற்கு செவுரு சாயங்காலம் அடுப்பு மாதிரி கொதிக்கும், ராத்திரி பத்து மணிக்கு கை வச்சாலும் சூடு இருக்கும். கன்னி மூலையில பெட்ரூம் வச்சீங்கன்னா அந்த மேற்கு செவத்துப் பக்கம் கப்போர்டு, லாஃப்ட்டு வச்சு மூடிடுங்க, கட்டில் தலமாட்ட அந்தப் பக்கம் போடாதீங்க. வாஸ்து பாக்குறவரும் ஒத்துப்பாரு, நமக்கும் தூக்கம் வரும்.

கார் நிக்க எவ்ளோ எடம்? இப்ப சின்ன கார்தான்.

ஸ்விஃப்ட் நீளம் கிட்டத்தட்ட 12 அடி 8 இன்ச், இன்னோவா கிரிஸ்டா பதினஞ்சரை. 10க்கு 16 விட்டா ரெண்டும் நிக்கும், பெரிய வண்டின்னா கேட்டு மூட கொஞ்சம் தடவும். அகலம் 10க்கு கொறைக்காதீங்க, கார் ஆறு அடி, கதவு தொறந்து எறங்க ரெண்டரை அடி, டூவீலர் எங்க நிக்கும்? எறங்குறதுன்னா நீங்க எறங்குறது இல்ல, வயசானவங்க கதவ முழுசா தொறந்து கால வெளிய வச்சு ஒருத்தர் கைய பிடிச்சு எறங்குறது.

மாடிப்படி உள்ளயா வெளியயா?

இதுக்கு எங்க வீட்டுல ரெண்டு மாசம் பஞ்சாயத்து. உள்ள வச்சா வீடு ஒரே வீடா இருக்கும், புள்ளைங்க மேல போறது வர்றது தெரியும். வெளிய வச்சா நாளைக்கு மாடிய வாடகைக்கு விடலாம். நாங்க போர்டிகோவுக்கு பின்னாடி, ஹாலுக்கு பக்கத்துல வச்சு, போர்டிகோ பக்கம் ஒரு கதவு, வீட்டுக்குள்ள ஒரு கதவுன்னு ரெண்டும் வச்சோம். இப்ப உள்கதவு தொறந்தே கெடக்கு. வாடகைக்கு விடணும்னா அத பூட்டிட்டா முடிஞ்சுது.

அளவு விஷயத்துல ஏமாந்துடாதீங்க. தரைக்கும் மாடிக்கும் 10 அடின்னா 6 இன்ச் படி 20 வேணும், பத்து பத்தா திரும்புற படின்னா, மிதிக்கிற எடம் 10 இன்ச், நடுவுல 3 அடி லேண்டிங் (படி திரும்புற மேடை, பத்தாவது படி அதுதான்), மொத்தம் பத்தரை அடி நீளம் கேக்கும். எங்களுக்கு இருந்தது 10 அடி. அதனால 18 படியாக்கி, ஒவ்வொரு படியும் ஆறே முக்காலுக்கு கொஞ்சம் கம்மியா வச்சோம், ஒம்பதடி எட்டு இன்ச்சுல முடிஞ்சுது. ஏழு இன்ச்ச தாண்டிட்டா முட்டிவலிக்காரங்க மேல ஏறவே மாட்டாங்க. மிதிக்கிற எடத்த 8 இன்ச் ஆக்கி எடம் மிச்சம் பண்ணித் தரேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, எறங்கும்போது குதிகால் மட்டும்தான் நிக்கும், முன்கால் அந்தரத்துல தொங்கும்.

படிக்கு அடியில பாத்ரூம் வரும்னு சொல்லுவாங்க. லேண்டிங் அஞ்சடி உயரத்துல இருக்கு, கான்கிரீட் கனம் போக நாலரை அடி. யாரு குனிஞ்சுட்டே குளிக்கிறது? இன்வெர்ட்டர், வாளி, வெளக்கமாறு, பழைய பேப்பர் வைக்கலாம்.

கிச்சன ஓப்பனா விடலாமா? பாக்க நல்லா இருக்கே.

போட்டோவுல நல்லா இருக்கும். காஞ்ச மொளகா தாளிச்சா ஹால்ல உக்காந்திருக்கிறவரு இருமுவாரு, கருவாடு வறுத்தா சோபா துணியில மூணு நாள் வாசனை. நாங்க டைனிங் பக்கம் 4 அடி வாசல் வச்சு கதவு போடாம விட்டிருக்கோம், அடுப்பு வாசலுக்கு நேரா இல்லாம கெழக்கு செவத்துல ஜன்னலுக்கு பக்கத்துல. அது போதும்.

மேடை உயரம் எல்லாருக்கும் 33 இன்ச்னு ஊத்திடுவாங்க. யாரு அதிகமா சமைக்கிறாங்களோ அவங்கள நிக்க வச்சு முழங்கைய மடக்கச் சொல்லி அளங்க, முழங்கைக்கு கீழ நாலு இன்ச் எறங்கினா தோள்வலி வராது. ஃபிரிட்ஜுக்கு மூணு அடி எடம் விடுங்க, ஃபிரிட்ஜ் பொட்டியோட அளவு இல்ல, கதவு தொறக்குற அளவு. எங்க வீட்டு ஃபிரிட்ஜ் செவத்த ஒட்டி நிக்குது, கதவு பாதிதான் தொறக்கும், காய்கறி டிரேய எடுக்கணும்னா ஃபிரிட்ஜையே இழுக்கணும். கிரைண்டர், மிக்ஸி, இண்டக்ஷன் மூணுக்கும் தனித்தனியா பாயிண்ட், கிரைண்டர் நிரந்தரமா ஒக்கார ஒரு எடம். தூக்கி தூக்கி வைக்கிற கிரைண்டர்ல யாரும் மாவாட்ட மாட்டாங்க, கடைசியில பாக்கெட் மாவுதான்.

பின்னாடி வாஷ் ஏரியாவ கொறைச்சு கிச்சன பெருசாக்காதீங்க. பாத்திரம் தேய்க்க, வாஷிங் மெஷின், மீன் கழுவ, சிலிண்டர் வைக்க எல்லாமே அங்கதான்.

பேஸ்மென்ட் (வீட்டுத் தரைய தூக்கி நிறுத்துற அடிமேடை) எவ்ளோ உயரம்?

ரோட்டு நடு மட்டத்துல இருந்து 3 அடி. ஏன்னா ரோடு போடும்போதெல்லாம் பழசுக்கு மேலயே போட்டுட்டு போறாங்க, பத்து வருஷத்துல அரை அடி ஏறிடும், எங்க தெருவுல பழைய வீடு ரெண்டு இப்ப ரோட்ட விட பள்ளம், மழைக்கு மணல் மூட்டை அடுக்குறாங்க. ஆனா 3 அடி ஏத்தினா ஆறு படி வரும், வீல்சேர் சரிவு ஒழுங்கா வைக்கணும்னா ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும், 36 அடிக்கு எங்க போறது. நாங்க போர்டிகோவையே ரெண்டு அடி ஏத்திட்டோம், கார் ஏறுறப்ப கொஞ்சம் மொறைக்கும், ஆனா கார்ல இருந்து எறங்கினா ஹாலுக்கு ரெண்டே படி. அந்த ரெண்டு படிக்கு மட்டும் ஒரு பலகைச் சரிவு போட்டு ரெண்டு பேரா பிடிச்சுக்கலாம்.

வெளிச்சம் வருமா? ரெண்டு பக்கமும் வீடு வந்துடும்போல.

இப்ப பக்கத்து மனை காலியா இருக்கும், ஜன்னல தொறந்தா வேப்பமரம் தெரியும். அத நம்பி பிளான் போடாதீங்க. அங்க மாடி வீடு வந்துடுச்சுன்னே நெனச்சுக்கிட்டு யோசிங்க. நீளமான மனையில நடுவுல இருக்குற டைனிங்தான் இருட்டாகும், பகல்லயே லைட் போடணும். நாங்க டைனிங்ல கெழக்குப் பக்கம் 4க்கு 4 ஜன்னல் வச்சோம், பக்கத்து வீட்டு செவுரு வெள்ளை அடிச்சிருக்காங்க, அதுல பட்டு வெளிச்சம் வருது, அவங்க புண்ணியம். எடம் இருந்தா 3க்கு 4 ஒரு டக்ட் (மொட்டைமாடி வரைக்கும் தொறந்து விடுற வெளிச்சக் குழி), மேல கம்பியும், காத்துப் போக சந்து விட்டு கண்ணாடியும் போட்டு விடுங்க, வெக்கை மேல போயிடும். பழைய வீட்டு முற்றத்தோட சின்னத் தங்கச்சின்னு வச்சுக்கோங்களேன்.

சம்ப் எவ்ளோ, செப்டிக் டேங்க் எங்க?

6க்கு 6க்கு 6 சம்ப்னா ஆறாயிரம் லிட்டர் சொச்சம், ஒரு சின்ன தண்ணி லாரி முழுசா எறக்கலாம். செப்டிக் டேங்க் கார் நிக்கிற எடத்துக்கு கீழ வந்தா மூடி கனமா கம்பி கட்டினதா இருக்கணும், கழிவு எடுக்க வர்ற லாரியோட குழாய் ரோட்டுல இருந்து எட்டணும். போருக்கும் அதுக்கும் எவ்ளோ தூரம் முடியுமோ அவ்ளோ தூரம். மழைநீர் சேகரிப்பு 2003ல இருந்தே தமிழ்நாட்டுல கட்டாயம், அத பேருக்கு ஒரு குழாய் காட்டி போட்டோ எடுக்காம, மொட்டைமாடித் தண்ணி விழுற குழாய் எங்க எறங்குதுன்னு பிளான்லயே போடச் சொல்லுங்க, எங்களுக்கு அது பெட்ரூம் ஜன்னலுக்கு நடுவுல எறங்குது.

அப்ரூவலுக்கு ரொம்ப அலையணுமா?

நாங்க அலைஞ்சோம். இப்ப 2024 ஜூலையில இருந்து சுயசான்று முறை (பிளான் விதிப்படி இருக்குன்னு நாமளே சான்று குடுக்குறது) வந்துடுச்சு, 2500 சதுர அடி வரைக்கும் மனை, 3500 சதுர அடி வரைக்கும் கட்டடம், கீழ்த்தளமோ அதோட ஒரு மாடியோ, ஆன்லைன்ல பணம் கட்டி உடனே எடுத்துக்கலாம். அதுக்காக சுத்தி எடம் விடாம கட்டலாம்னு அர்த்தம் இல்ல, பொய்யா சான்று குடுத்தா பொறுப்பு நம்ம தலையிலதான். மாடி பின்னாடிதான் கட்டப் போறீங்கன்னாலும் அஸ்திவாரமும் தூணும் இப்பவே மாடிக்கும் சேத்து போடச் சொல்லுங்க.

பேப்பர்ல பாத்தா ஒண்ணும் புரியல, எப்படி சரி பாக்குறது?

யாருக்கும் புரியாதுங்க. புரிஞ்ச மாதிரி தலையாட்டுவோம். மனையில போய் சுண்ணாம்புத் தூள், இல்லாட்டி கோலப்பொடி, கோடு போடுங்க. பிளான் கையில வச்சுக்கிட்டு டேப் பிடிச்சு ஒவ்வொரு ரூமா போட்டு, கதவு வர்ற எடத்துல கோட்ட விட்டுடுங்க. அப்புறம் நடந்து பாருங்க. பாலு பொங்குது, ஹால்ல இருந்து ஓடுங்க. ராத்திரி ரெண்டு மணி, கட்டில்ல இருந்து எந்திரிச்சு பாத்ரூமுக்குப் போங்க. நாத்தனார் மனையில போன மாசம் நாங்க இத பண்ணினப்ப அவங்க வீட்டுக்காரர் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து இதான் கட்டில்னு சொல்லிட்டு எந்திரிச்சாரு, நேரா போய் கப்போர்டு கதவுல முட்டுற எடத்துல நின்னாரு. எல்லாரும் சிரிச்சோம், கப்போர்டு எதிர் செவத்துக்கு மாறிடுச்சு.

ஒண்ணு மட்டும், கோடு போட்டா எல்லா ரூமும் சின்னதா தெரியும். அடடா இவ்ளோதானான்னு மனசு ஒடஞ்சு போயிடும். பேஸ்மென்ட் போட்டப்பவும் அப்படித்தான் தெரியும். செவுரு எழும்பினப்புறம் பெருசாயிடும், பயந்து போய் அளவ மாத்தாதீங்க.

வேலை ஆரம்பிச்சப்புறம் மாத்தலாமா?

நாலரை இன்ச் உள்செவுரு தூக்குற வரைக்கும் அத அரை அடி அங்க இங்க தள்ளலாம், காசும் பெருசா ஆகாது. தூணு, படி, பாத்ரூம் குழாய் போற வழி, இந்த மூணையும் தொடாதீங்க. ஜன்னலும் கதவும் மாத்துறதுன்னா லிண்டல் (அதுங்களுக்கு மேல வர்ற கான்கிரீட் பட்டை) போடுறதுக்கு முன்னாடி. கதவு நிலைக்கு ஆசாரிகிட்ட மரம் குடுக்குறதுக்கு முந்துன நாள் ராத்திரி ஒருதடவ எல்லா கதவு அளவையும் எழுதி, பக்கத்துல நிலைக்கட்டை போக மிச்சம் எவ்ளோன்னும் எழுதி குடுங்க. நாத்தனார் வீட்டு பேப்பர்ல நானே எழுதிக் குடுத்தேன், பாத்ரூம் 3 அடி, மிச்சம் 30 இன்ச். ஆசாரி பாத்துட்டு எதுக்கும்மா பாத்ரூமுக்கு இவ்ளோ பெரிய கதவுன்னு கேட்டாரு. அத்தை அங்கதான் வாக்கர பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, அவங்களே பதில் சொன்னாங்க.